வக்கீலைத் தேடி வந்த கட்சிக்காரர்களுக்கென வைத்த தனிக் கதவு: குவின்சியில் ஆடம்ஸ் குடும்ப இல்லங்கள்

அமெரிக்காவின் இரண்டாவது குடியரசுத் தலைவர் ஜான் ஆடம்ஸ் பிறந்த, வாழ்ந்த, மறைந்த வீடுகளை மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குவின்சி நகரில் தேசிய வரலாற்றுப் பூங்காவாகப் பாதுகாத்து வருகிறார்கள். பாஸ்டனிலிருந்து சிவப்புத் தட ரயிலில் குவின்சி சென்டர் நிலையத்துக்கு எளிதாக வந்துவிடலாம். வரலாற்றில், குறிப்பாகச் சட்டத்தின் வரலாற்றில், ஈடுபாடு உள்ள எவரும் தவறாமல் பார்க்க வேண்டிய இடம் இது.

ஆடம்ஸ் 1735-இல் பிறந்த வீடும், 1764-இல் அபிகேயிலை மணந்தபின் குடியேறிய வீடும் சுமார் 75 அடி இடைவெளியில் நிற்கின்றன. இரண்டுமே தாழ்ந்த கூரையும் சிறிய அறைகளும் கொண்ட எளிய மரவீடுகள். இரண்டாவது வீட்டின் முன்னறைதான் அவருடைய வக்கீல் அலுவலகம். கட்சிக்காரர்கள் குடும்பத்தாரைத் தொந்தரவு செய்யாமல் நேரே உள்ளே வர, அதற்குத் தனியாக ஒரு வெளிக்கதவு வைத்திருக்கிறார். அந்தக் கதவருகே நின்றபோதுதான், பதவிகளுக்கெல்லாம் முன்பு அவர் வழக்குகளை நம்பிப் பிழைத்த ஒரு வக்கீல் என்பது எனக்கு உறைத்தது.

1770 மார்ச் 5 அன்று பாஸ்டனில் பிரிட்டிஷ் படைவீரர்கள் சுட்டதில் ஐந்து பேர் இறந்தனர். ஊரே கொதித்துக்கொண்டிருந்த வேளையில், அந்தப் படையினருக்காக வாதாட முன்வந்தவர் இவர். தலைமை தாங்கிய கேப்டன் பிரஸ்டன் விடுதலையானார்; எட்டு வீரர்களில் ஆறு பேர் விடுவிக்கப்பட, கொலையாகாத மரணம் விளைவித்ததாகத் தீர்ப்பான இருவருக்குக் கட்டைவிரலில் சூடு போடப்பட்டது. ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்த ஒருவர், எதிரணிக்கும் நியாயமான விசாரணை வேண்டும் என்று நின்றதை நான் அவருடைய வாழ்வின் உச்சமாகவே மதிக்கிறேன்.

1779-இல் மாசசூசெட்ஸ் அரசியல் சாசனத்தின் வரைவை அவர் எழுதியதும் இந்த அலுவலக அறையில்தான். 1780-இல் ஏற்கப்பட்ட அந்தச் சாசனம், பல திருத்தங்களுடன், இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மனிதர் அனைவரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறந்தவர்கள் என்னும் அதன் முதல் பிரிவைக் காட்டித்தான், அடிமைமுறை இம்மாநிலத்தில் செல்லாது என்று 1783-இல் தலைமை நீதிபதி எடுத்துரைத்தார். இவ்வளவு பெரிய காரியம் நடந்த அறை இவ்வளவு சிறியதா என்ற வியப்பு எனக்கு இன்னும் அடங்கவில்லை.

1800 தேர்தலில் ஜெபர்சனிடம் தோற்று ஊர் திரும்பியபின் அவர் வாழ்ந்த பெரிய வீடு சற்றுத் தொலைவில், நகரின் மையப்பகுதிக்கு அருகில் உள்ளது. அதன் தோட்டத்தில் 1870-இல் கட்டிய கல் நூலகத்தில், 12,000-க்கும் மேற்பட்ட நூல்கள் தரையிலிருந்து கூரைவரை அடுக்கப்பட்டுள்ளன. ஆமிஸ்டாட் கப்பலில் சிறைப்பட்ட ஆப்பிரிக்கர்களுக்காக 1841-இல் உச்ச நீதிமன்றத்தில் வாதாடிய மகன் ஜான் குவின்சி ஆடம்ஸின் நினைவும் அங்கே நிறைந்திருக்கிறது. தந்தையின் தொழில் மகனிடம் எப்படித் தொடர்ந்தது என்பதை அந்த நூலகத்தில் உணரலாம்.

நான் அரை நாள் மட்டுமே ஒதுக்கிச் சென்றேன், அது போதவில்லை. முழு நாளும் கையில் இருக்குமாறு, கோடைக்காலத்தில் சென்று, முதலில் அருகருகே நிற்கும் இரு எளிய வீடுகளையும் பிறகு பெரிய வீட்டையும் பாருங்கள். அப்படிப் போனால், 1826 ஜூலை 4 அன்று தொண்ணூறு வயதில் அவர் உயிர்நீத்த வீட்டில் உங்கள் பயணம் நிறைவுபெறும்.