பாடி லிஃப்ட் போட்ட பழைய பஜேரோ: அலாய்ன்மென்ட் சரி, ஸ்டீயரிங் மட்டும் ஏன் சரியில்லை?

வண்டியின் பாடியை மட்டும் கட்டை வைத்து உயர்த்தும் பாடி லிஃப்ட் போட்டதும் ஸ்டீயரிங் கோணலாக நின்றால், பெரும்பாலோர் நேராகப் போவது டயர் கடைக்குத்தான். அங்கே சக்கரங்களைத் திருப்பும் கம்பியான டை ராடைத் திருகி ஸ்டீயரிங்கை நேராக்கித் தருவார்கள், சக்கரங்களின் கோணங்களைக் காட்டும் அலாய்ன்மென்ட் தாளில் எல்லாம் பச்சையாக வரும். அதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். உண்மையான கோளாறு அங்கேதான் ஒளிந்துகொள்கிறது என்பதை என் பழைய பஜேரோவைச் சில வருடங்கள் ஓட்டிய அனுபவத்தில் உறுதியாகச் சொல்வேன்.

வண்டி 1990களின் இரண்டாம் தலைமுறை பஜேரோ, 2.8 டீசல். நான் வாங்கும்போதே 2 இஞ்சு பாடி லிஃப்டும் 31 இஞ்சு டயரும் இருந்தன. வார நாளில் கோலாலம்பூரின் எம்ஆர்ஆர்2 வட்டச் சாலை, வாரக் கடைசியில் காராக் நெடுஞ்சாலை ஏறி மலைக் கிராமமான ஜண்டா பாயிக். நேர் சாலையில் ஸ்டீயரிங் நேராகத்தான் நின்றது, ஆனால் நடுவில் பிடிப்பே இல்லை. கெந்திங் செம்பா தாண்டி கோம்பாக் பக்கம் இறங்கும்போது, பக்கத்தில் லோரி போனால் கை சும்மா இருக்காது. இடமும் வலமும் திருத்திக்கொண்டே இருக்கவேண்டும். யூ-டர்னில் ஒரு பக்கம் சட்டென்று திரும்பும், மறுபக்கம் ரிவர்ஸ் போடாமல் முடியாது.

செந்தூலில் ஒரு போர்மேன் அண்ணன் இருக்கிறார். அவர் மெஷினில் ஏற்றவே இல்லை. வண்டிக்கு அடியில் படுத்து டோர்ச் அடித்தார். "தம்பி, இங்க வந்து பாருங்க" என்றார். இடது டை ராடில் மரை நிறைய வெளியே தெரிந்தது, வலது டை ராடில் கிட்டத்தட்ட ஒன்றுமே தெரியவில்லை. "ரெண்டும் ஒரே நீளம் இருக்கணும். யாரோ ஸ்டீயரிங்கை நேராக்க இதைத் திருகியிருக்காங்க."

விஷயம் இதுதான். பாடி லிஃப்ட் என்பது பாடிக்கும் சேசிக்கும் நடுவில் கட்டை வைத்துத் தூக்குவது. சஸ்பென்ஷன் சேசியிலேயே இருக்கிறது. ஆகவே கேம்பர், காஸ்டர், டோ என்ற சக்கரக் கோணங்கள் எதுவும் அதனால் மாறாது. ஸ்டீயரிங்கைப் பொறுத்தவரை மாறுவது ஒரே இடம்: ஸ்டீயரிங் கம்பம் பாடியோடு மேலே போகிறது, நாம் சுற்றுவதைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பல்சக்கரப் பெட்டியான ஸ்டீயரிங் பாக்ஸ் சேசியிலேயே நிற்கிறது. இரண்டையும் இணைக்கும் ஷாஃப்ட் நீளவேண்டியிருக்கிறது, அதன் ஜாயின்ட்டுகள் மடங்கும் கோணமும் கூடுகிறது. லிஃப்ட் போடும்போது அந்த ஷாஃப்டைக் கழற்றி, அதன் முனையில் வரிவரியாக இருக்கும் பற்களில் ஒரு பல் தள்ளி மாட்டினால் போதும், ஸ்டீயரிங் கோணலாகிவிடும். சக்கரத்தில் தப்பே இல்லை. அதைச் சக்கரத்தின் பக்கமிருந்து திருத்தினால் பாக்ஸ் தன் நடுவிடத்தை விட்டு விலகி நிற்கும்.

அது ஏன் முக்கியம்? இந்தப் பழைய பாக்ஸ்களில் பற்கள் நட்ட நடுவில் இறுக்கமாகவும், இரு பக்கமும் போகப்போகக் கொஞ்சம் தளர்வாகவும் இருக்கும்படிதான் செய்திருப்பார்கள். நேராக ஓடும்போது பிடிப்பு வேண்டும் என்பதற்காகவே அப்படி. பாக்ஸ் விலகியிருந்தால் நேர் சாலையிலேயே அந்தத் தளர்வில் ஓட்டுகிறோம். ஆட்டம் இருக்கிறதே என்று பாக்ஸ் மேலுள்ள திருகை இறுக்கச் சொல்பவர்களும் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். விலகிய இடத்தில் இறுக்கினால், உண்மையான நடுவைக் கடக்கும்போது ஸ்டீயரிங் பிடித்துக்கொள்ளும், பாக்ஸும் தேயும்.

அண்ணன் ஷாஃப்டைக் கழற்றினார். அதைக் கையில் வாங்கிப் பார்த்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது. பல் பிடித்திருந்த இடம் மட்டும் பளபளவென்று, மீதியெல்லாம் துரு. பாதிக்குத்தான் பிடிப்பு. நீட்டிப்புத் துண்டே போடாமல் ஷாஃப்டை இழுத்து மாட்டியிருக்கிறார்கள். இத்தனை நாள் காராக் இறக்கத்தில் இதை நம்பித்தான் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன்.

அப்புறம் வேலை முறையாக நடந்தது. பாக்ஸிலிருந்து கீழ்க் கம்பிகளை விடுவித்து, ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை திருப்பி எத்தனை சுற்று என்று எண்ணி, சரிபாதி திரும்பி வந்து, லிக்விட் பேப்பரால் வெள்ளைக் கோடு போட்டார். இரண்டு டை ராடையும் சம நீளத்துக்குக் கொண்டுவந்தார். பாடி லிஃப்டுக்கென்றே கிடைக்கும் நீட்டிப்புத் துண்டை வாங்கிப் போட்டோம். வெட்டி வெல்டிங் வைப்பது மலிவுதான், ஆனால் ஸ்டீயரிங் ஷாஃப்டில் அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். ஷாஃப்டின் இரு முனை ஜாயின்ட் கவைகளும் ஒரே வாக்கில் இருக்கிறதா என்றும் பார்த்தார். அது மாறினால் ஸ்டீயரிங் ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை கனத்து, இரண்டு முறை இலேசாகும். கடைசியாக ஸ்டீயரிங்கை நேராகக் கட்டிவைத்து ஷாஃப்டை மாட்டினார். ஏர்பேக் உள்ள வண்டியென்றால் ஷாஃப்ட் கழன்றிருக்கும்போது ஸ்டீயரிங்கைச் சுற்றவே கூடாது, உள்ளே இருக்கும் சுருள் வயர் அறுந்துவிடும்.

அதற்குப் பிறகுதான் டயர் கடை. மிச்சமிருந்த சின்னக் கோணலுக்கு ஒரு பக்க டை ராடை நீட்டிய அளவே மறுபக்கம் குறைக்கச் சொன்னோம். அப்போது டோ மாறாது. டயர் கடைக்காரர்களைக் குறை சொல்லவில்லை, அவர்கள் மெஷின் சக்கரத்தைத்தான் பார்க்கும், பாக்ஸைப் பார்க்காது. நாம்தான் சொல்லவேண்டும்.

இத்தனை காலம் ஓட்டியபின் ஸ்டீயரிங் இன்னும் நேராக நிற்கிறது, இரு பக்கமும் சமமாகத் திரும்புகிறது, முன் டயர்கள் சீராகத் தேய்கின்றன. தொந்தரவு கொடுத்தது ஸ்டீயரிங் கம்பிகளை மறுபக்கம் தாங்கும் ஐட்லர் ஆர்ம் மட்டும். 31 இஞ்சு டயரின் பாரத்துக்கு அது தேயத்தான் செய்யும், மாற்றினேன். பாடி போல்ட்டுகள் மழையில் துருப்பிடிக்கும், இடையிடையே இறுக்கிப் பார்க்கவேண்டும். ரேடியேட்டர் பாடியோடு மேலே போவதால் ஃபேன் கீழே உரசுகிறதா என்றும் பாருங்கள்.

2 இஞ்சுக்கு மேல் பாடி லிஃப்டை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன், ஷாஃப்ட் கோணம் அதற்குமேல் தாங்காது என்பது என் அபிப்பிராயம். இப்படி மாற்றம் செய்த வண்டிக்கு ஜேபிஜே (மலேசியச் சாலைப் போக்குவரத்து இலாகா) அனுமதி வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். லிஃப்ட் போட்ட பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் அலாய்ன்மென்ட் தாளைக் கேட்பதற்கு முன் கீழே குனிந்து இரண்டு டை ராட் மரையையும் ஒப்பிட்டுப் பாருங்கள், ஷாஃப்ட் பல் எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று போர்மேனிடம் காட்டச் சொல்லுங்கள். நான் இப்போது எண்ணெய் மாற்றும்போதெல்லாம் அந்த ஷாஃப்ட் போல்ட்டுகளில் ஸ்பானர் வைத்துப் பார்க்காமல் வண்டியை வெளியே எடுப்பதில்லை.