ரிச்சி தெருவில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போகிறவர்கள் தயவுசெய்து படிக்கவும்

கல்யாண வீடியோ எடிட்டிங்தான் என் தொழில். பழைய மிஷின் 4கே ஃபைல்களோடு திணற ஆரம்பித்ததும், 2023 ஜூனில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். பகலில் எனக்கு எடிட்டிங், ராத்திரியில் தம்பிக்கு கேம். இரண்டுக்கும் ஒரே மிஷின் என்பதுதான் திட்டம்.

என்னை ஏமாற்றிய கடை மேல் புகார் நடந்துகொண்டிருப்பதால் அதன் பெயரைச் சொல்லவில்லை. அந்தத் தெருவில் நேர்மையாக விற்கிறவர்களும் நிறைய இருக்கிறார்கள். என் பழைய மிஷின் அங்கே வாங்கியதுதான், எட்டு வருஷம் உழைத்தது. அந்த நம்பிக்கையில்தான் இந்த முறை கொஞ்சமும் யோசிக்காமல் போனேன்.

கடைக்காரர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்: ரைசன் 5 5600 (புராசஸர்), 16 ஜிபி ராம், 500 ஜிபி எஸ்எஸ்டி, ஆர்எக்ஸ் 580 8 ஜிபி (கிராபிக்ஸ் கார்டு), 500 வாட் எஸ்எம்பிஎஸ் (எல்லாப் பாகத்துக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டி). போர்டு, கேபினெட் எல்லாம் சேர்த்து 46,000 ரூபாய். "பில் போட்டா 18 பர்சன்ட் ஜிஎஸ்டி ஏறும் சார், உங்களுக்கு எதுக்கு? வாரண்டிக்கு நான் இருக்கேன்" என்றார். சரி என்றேன். மாட்டி முடித்ததும் அட்டைப் பெட்டிகளைக் கேட்டேன். "டிரெயின்ல இத்தனையும் எப்படி சார் தூக்கிட்டுப் போவீங்க? இங்கேயே இருக்கட்டும். ஏதாவதுன்னா இங்கதானே வரப்போறீங்க" என்றார். கரிசனமாகச் சொல்வதாகத்தான் அப்போது பட்டது.

பத்து நாள் ஓடியது. ஒரு ரிசப்ஷன் வீடியோவை எக்ஸ்போர்ட் கொடுத்தேன், பாதியில் பட்டென்று அணைந்து திரும்ப ஆன் ஆனது. மறுபடி கொடுத்தேன், மறுபடி அதே. எங்கள் ஊர் கரண்ட்தான் காரணம் என்று யுபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரி போட்டேன். அப்போதும் நிற்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் தினமும் போன் செய்தார்கள். அந்த இரண்டு வாரம் நான் சரியாகத் தூங்கவில்லை.

சர்வீஸ் வேலை பார்க்கும் நண்பர் வந்து கேபினெட்டைத் திறந்தார். முதலில் எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டு ஸ்டிக்கரைக் காட்டினார். மேலே பெரிதாக 500 வாட். கீழே பொடி எழுத்தில் 12 வோல்ட் லைனுக்கு 16 ஆம்ப். பன்னிரண்டைப் பதினாறால் பெருக்கினால் 192 வாட். புராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் இந்த லைனில் இருந்துதான் கரண்ட் எடுக்கும். ஆர்எக்ஸ் 580-க்கு மட்டும் ஏஎம்டி சொல்லும் கணக்கு 185 வாட், புராசஸருக்கு 65. கேம் ஆடும்போதும் எக்ஸ்போர்ட் செய்யும்போதும் இரண்டும் ஒன்றாக இழுத்தால் எஸ்எம்பிஎஸ் எப்படித் தாங்கும்?

அடுத்து கார்டைக் கழற்றினார். புதுசு என்று விற்ற கார்டின் ஸ்க்ரூக்களில் ஸ்க்ரூடிரைவர் பட்ட தழும்புகள். ஹீட் சிங்க் இடுக்கில் அப்பிய அழுக்கு, சூட்டைக் கடத்தத் தடவும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொடியாக உதிர்ந்தது. ஆர்எக்ஸ் 580 வெளிவந்ததே 2017-ல். ஈத்தரியம் என்ற கிரிப்டோ நாணயத்தை ஈட்டும் மைனிங் வேலையில் ராப்பகலாக ஓடிய கார்டுகளில் இதுவும் முக்கியமானது. 2022 செப்டம்பரில் ஈத்தரியம் முறையை மாற்றியதும் அந்தக் கார்டுகளுக்கு அங்கே வேலை இல்லாமல் போய், சந்தையில் வந்து கொட்டின. என்னிடம் வந்ததும் அப்படி ஒன்றாகத்தான் இருக்கும் என்கிறார் நண்பர்.

அதோடு முடியவில்லை. கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தால் ஷேடர் (கார்டுக்குள் கணக்குப் போடும் சிறு பகுதி) எண்ணிக்கை 2048. உண்மையான ஆர்எக்ஸ் 580-ல் 2304 இருக்க வேண்டும். ஒன்பதில் ஒரு பங்கு குறைவு. சீனச் சந்தைக்காக 2018-ல் விட்ட '2048எஸ்பி' என்ற ரகம் இது, ஆர்எக்ஸ் 570-ல் இருப்பதும் இதே 2048-தான். கார்டின் முழுப் பெயர் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரிலேயே இருந்திருக்கிறது, நான்தான் திறந்து பார்க்கவில்லை. ராமும் இரண்டு 8 ஜிபி என்று பேசியது, இருந்ததோ ஒற்றை 16 ஜிபி ஸ்டிக்.

மிஷினைத் தூக்கிக்கொண்டு மறுபடி போனேன். முன்பு அத்தனை பணிவாகப் பேசியவர் சீட்டை வாங்கி என் முன்னால் நீட்டினார். "ஆர்எக்ஸ் 580, 8 ஜிபி. 500 வாட். 16 ஜிபி. எழுதினதைத்தானே போட்டிருக்கேன், எது தப்பு?" கார்டைக் கழற்றியதால் வாரண்டி போய்விட்டதாம். பெட்டிகள்? "குடோனுக்குப் போயிடுச்சு." என் கையில் இருந்தது அந்தச் சீட்டும், யாரோ ஒரு தனிநபர் பெயருக்குப் போன யுபிஐ ரசீதும் மட்டும்தான்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமல் விற்பதே முறையற்ற வணிகம். 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போடலாம். சரிப்படாவிட்டால் அங்கேயும் போவேன். இதற்கிடையில் 4,200 ரூபாய்க்கு வேறு கடையில், இந்த முறை பில்லோடு, நல்ல எஸ்எம்பிஎஸ் வாங்கி மாட்டினேன். அணைவது நின்றுவிட்டது. கார்டுதான் அப்படியே கிடக்கிறது.

யாராவது முன்பணம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால், உங்கள் சீட்டை இப்போதே எடுத்துப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ் என்றால் கம்பெனி, மாடல் இரண்டும் இருக்க வேண்டும். கார்டுக்கு வெறும் எண் போதாது, முழு மாடல் பெயர் வேண்டும். ராம் எத்தனை ஸ்டிக் என்று எழுதச் சொல்லுங்கள். புராசஸரின் சீல் உங்கள் கண் முன்னால் உடைபடட்டும். எல்லாப் பெட்டியையும் கையோடு கொண்டு வாருங்கள், ஆட்டோவுக்கு 300 ரூபாய் ஆனாலும் பரவாயில்லை. சீரியல் நம்பர் போட்ட ஜிஎஸ்டி பில் தர மாட்டோம் என்றால் முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.