சங்கத்துக்காக மசோதா பார்க்கிற வேலை: கலிஃபோர்னியாவில் ஆறு ஆண்டுகள்

நான் கலிஃபோர்னியாவில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். 2020 ஜனவரியில் எங்கள் தொழிற்சங்கக் கிளை நான்கு பேரைக் கூப்பிட்டு, மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோவில் என்னென்ன மசோதா வருகிறது, எது நம் ஆட்களைத் தொடும் என்று பார்த்துச் சொல்லச் சொன்னது. அந்த நால்வரில் இன்றுவரை விடாமல் செய்துகொண்டிருப்பது நான் ஒருத்திதான். இந்த ஆறு ஆண்டுகளில் எந்தக் கருவி கைகொடுத்தது, எதைக் கைவிட்டோம், எங்கே கோட்டை விட்டோம் என்று எழுதி வைக்கத் தோன்றியது. வேறு மாநிலத்தில், வேறு சங்கத்தில் இதே பொறுப்பை ஏற்றிருக்கும் தமிழர்கள் சிலராவது இருப்பார்கள்.

மாநிலச் சட்டமன்றத்துக்கு இரண்டு அவைகள்: அசெம்பிளியில் 80 பேர், செனட்டில் 40 பேர். இந்த 120 பேரும் சேர்ந்து ஆண்டுக்கு 2,000-க்கும் மேல் மசோதாக்களைக் கொண்டுவருகிறார்கள். பிப்ரவரியில் தாக்கல் செய்யக் கடைசித் தேதி நெருங்கும்போது கொத்துக் கொத்தாக வந்து விழும். அத்தனையையும் படிக்க முடியாது, படிக்கவும் தேவையில்லை. எங்கள் கிளை ஓர் ஆண்டில் உண்மையாகவே கவனிக்க வேண்டியவை முப்பதோ நாற்பதோதான். அந்த நாற்பதைப் பொறுக்கி எடுப்பதுதான் முதல் வேலை. முதல் ஆண்டில் தலைப்பை மட்டும் பார்த்துப் பொறுக்கினேன். பாதி தப்பாகப் போயிற்று. 'வேலைவாய்ப்பு' என்று தலைப்பு இருக்கும், உள்ளே எங்களுக்குச் சம்பந்தமே இருக்காது. 'சுகாதார நிலையங்கள்' என்று இருக்கும், உள்ளே போனால் ஆள் எண்ணிக்கை பற்றிய பிரிவு உட்கார்ந்திருக்கும்.

நான் அதிகம் பயன்படுத்துவது மாநிலச் சட்டமன்றத்தின் சொந்தத் தளமான லெஜ்இன்ஃபோ. காசு கிடையாது. கணக்குத் தொடங்கி ஒரு மசோதாவைச் சேர்த்துக்கொண்டால், அதில் ஏதாவது நடக்கும்போது மின்னஞ்சல் வரும். ஆனால் நான் அங்கே போவது அந்த மின்னஞ்சலுக்காக இல்லை. பதிப்புகளை ஒப்பிட்டுக் காட்டும் பக்கம் ஒன்று இருக்கிறது. எடுத்துவிட்ட சொற்கள் சிவப்பில் குறுக்குக்கோட்டோடு இருக்கும், புதிதாகச் சேர்த்தவை நீலத்தில் சாய்வெழுத்தாக இருக்கும். இந்த வேலைக்கு வருகிற யாருக்கும் நான் முதலில் சொல்வது, சிவப்பைப் படியுங்கள் என்பதுதான். புதிதாக வந்ததைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். எடுத்துவிட்டதைப் பற்றி யாரும் அறிக்கை விடமாட்டார்கள். 'வேண்டும்' என்ற சொல் சிவப்பாகி 'லாம்' என்பது நீலத்தில் வந்தால், அந்த ஒரு வரியில் முதலாளியின் கடமை போய்விட்டது என்று அர்த்தம்.

அடுத்தது குழுக்களின் ஆய்வுக் குறிப்பு. ஒரு மசோதா குழு விசாரணைக்கு வரும்போது, அந்தக் குழுவின் அலுவலர்கள் அதைப் பற்றி ஒரு குறிப்பு எழுதி வெளியிடுவார்கள். இப்போதைய சட்டம் என்ன, மசோதா எதை மாற்றுகிறது, யார் ஆதரவு, யார் எதிர்ப்பு என்று கடைசியில் பட்டியலே இருக்கும். எதிர்ப்புப் பட்டியலை நான் ஆதரவுப் பட்டியலைவிடக் கவனமாகப் பார்ப்பேன். போன குறிப்பில் எதிர்ப்பில் இருந்த ஒரு முதலாளிகள் அமைப்பு இந்தக் குறிப்பில் காணாமல் போயிருந்தால், நடுவில் ஏதோ பேரம் படிந்திருக்கிறது. உடனே திருத்தத்தைத் திறந்து சிவப்பைத் தேடுவேன்.

அப்புறம் லெஜிஸ்கேன் என்ற தளம். 50 மாநிலங்களின் மசோதாக்களும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் மசோதாக்களும் ஒரே இடத்தில் கிடைக்கும், மசோதாவின் முழு உரையிலும் தேடலாம். பக்கத்து மாநிலங்களில் இதே மாதிரி மசோதா வந்திருக்கிறதா என்று பார்க்க இதைவிட வசதியானதை நான் பார்க்கவில்லை. முதலில் அதற்குத்தான் வைத்திருந்தேன். இப்போது வேறொரு காரியத்துக்குத்தான் அதிகம் திறக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

நடுவில் இரண்டு ஆண்டுகள் கிளையின் காசில் ஒரு கட்டணச் சேவையும் வைத்திருந்தோம். பெயர் வேண்டாம். பார்க்க அழகாக இருந்தது, வண்ண வண்ண வரைபடங்கள், ஒவ்வொரு மசோதாவும் நிறைவேற எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று ஒரு கணிப்பு. அந்தக் கணிப்பை நம்பி ஒரு மசோதாவுக்குக் கடிதம் எழுதாமல் விட்டோம், அது தாண்டிப் போய்விட்டது. அதோடு நாளைக்கு நாற்பது அறிவிப்புகள் வந்து குவியும், அதில் முக்கால்வாசி ஒரு குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்கு அனுப்பினார்கள் என்பதுதான். மூன்றாவது மாதத்திலேயே நாங்கள் நால்வரும் அந்த மின்னஞ்சல்களைத் திறப்பதை நிறுத்திவிட்டோம். பெரிய சங்கங்களுக்கு, முழுநேர ஆட்கள் இருக்கிற இடத்தில், அது பயன்படலாம். ஷிஃப்ட் முடிந்து வந்து உட்காருகிற எங்களுக்கு ஒத்துவரவில்லை.

சரி, கோட்டை விட்ட கதைக்கு வருகிறேன்.

2023-இல் செனட்டர் மரியா எலெனா துராசோ எஸ்பி 525-ஐக் கொண்டுவந்தார் (எஸ்பி என்றால் செனட் மசோதா). சுகாதாரத் துறைத் தொழிலாளர்களுக்குத் தனிக் குறைந்தபட்ச ஊதியம், படிப்படியாக மணிக்கு 25 டாலர் வரை. அந்த ஆண்டு அக்டோபர் 13 அன்று ஆளுநர் கவின் நியூசம் கையெழுத்துப் போட்டார். பெரிய மருத்துவமனைக் குழுமங்களில் 2024 ஜூன் 1 முதல் 23 டாலர் என்று சட்டம் சொன்னது. மாநிலத்தின் பொதுக் குறைந்தபட்ச ஊதியம் அப்போது 16 டாலர். எங்கள் சமையலறையிலும் சலவைப் பிரிவிலும் இருப்பவர்களுக்கு இது சாதாரண விஷயம் இல்லை. நான் எக்ஸெலில் எஸ்பி 525-க்கு நேராக 'முடிந்தது' என்று எழுதி, பச்சை வண்ணம் போட்டு, அதற்கான மின்னஞ்சலையும் நிறுத்திவிட்டேன்.

2024 மே மாதக் கடைசியில் எஸ்பி 828 வந்தது. ஜூன் 1 என்ற தேதிக்கு சிவப்புக் கோடு, பக்கத்தில் நீலத்தில் ஜூலை 1. ஒரு மாதம்தானே என்று அதைச் சொல்லிச் சமாளித்தோம். ஜூன் கடைசி வாரத்தில் எஸ்பி 159 வந்தது. அது பட்ஜெட்டோடு ஒட்டி வருகிற மசோதா, இங்கே டிரெய்லர் மசோதா என்பார்கள். இப்படிப்பட்டவை முதலில் வெற்றுக்கூடாகத் தாக்கலாகும். பட்ஜெட் தொடர்பான மாற்றங்கள் செய்வது நோக்கம் என்று ஒரு வரி மட்டும் இருக்கும். நேரம் வரும்போது உள்ளே சரக்கு வைப்பார்கள். எஸ்பி 159-இல் வைத்த சரக்கில் எங்கள் 25 டாலர் சட்டமும் இருந்தது. ஜூலை 1 போய், மாநில வருவாய் உள்ளிட்ட நிபந்தனைகளோடு தேதியை முடிச்சுப் போட்டிருந்தார்கள்.

எங்கள் பட்டியலில் எஸ்பி 159 இல்லை. எந்தக் கருவியும் எங்களுக்கு ஒரு வரி அனுப்பவில்லை, ஏனென்றால் நாங்கள் அதைக் கேட்கவே இல்லை. 2016-இல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 54-வது முன்மொழிவின்படி, கடைசி வாக்கெடுப்புக்கு 72 மணி நேரம் முன்பாவது மசோதாவின் இறுதி வடிவம் இணையத்தில் இருக்க வேண்டும். இருந்தது. நாங்கள்தான் பார்க்கவில்லை. ஜூலை முதல் வாரம், சாப்பாட்டுத் தட்டு கொண்டுபோகும் பிரிவில் இருக்கிற ஒருவர் சம்பளச் சீட்டோடு ஆய்வக வாசலுக்கு வந்து நின்றார். "நீங்கள்தானே ஜூலை என்று சொன்னீர்கள்?" என்று கேட்டார். கோபமாகக் கூட இல்லை, சும்மா தெரிந்துகொள்ளக் கேட்டார். வாடகை கூடிய வீட்டுக்கு மாறுவதாக ஜூலையை நம்பி வாக்குக் கொடுத்திருந்தார். சட்டம் கடைசியில் நடைமுறைக்கு வந்தது 2024 அக்டோபர் 16. எங்கள் கிளை முன்கூட்டியே தெரிந்து கத்தியிருந்தாலும் தேதி மாறாமல் இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அது எங்களைவிடப் பெரிய இடத்தில் முடிவானது. ஆனால் அவரிடம் ஒரு வாரம் முன்னாலேயே சொல்லியிருக்கலாம். அது மட்டும் எங்கள் கையில் இருந்தது.

அன்றைக்குப் பிறகு முறையையே மாற்றினேன். மசோதாவுக்கு எண் இருக்கிறது, ஆனால் அந்த எண் ஒரு வண்டிதான். எந்த வண்டியில் வேண்டுமானாலும் எந்தச் சரக்கும் ஏறும். இறங்குகிற இடம் மட்டும் மாறாது, அது சட்டத் தொகுப்பில் இருக்கிற பிரிவு. சுகாதாரத் துறை ஊதியம் என்றால் தொழிலாளர் சட்டத் தொகுப்பில் 1182.14. யார் எந்தப் பெயரில் அதைத் தொட்டாலும், மசோதாவின் உரையில் அந்த எண்ணை எழுதாமல் தொட முடியாது. ஆகவே ஒவ்வொரு திங்கட்கிழமையும், எங்களுக்கு முக்கியமான பதினெட்டுப் பிரிவு எண்களை லெஜிஸ்கேனின் உரைத் தேடலில் ஒவ்வொன்றாகப் போடுகிறேன். முக்கால் மணி நேரம் ஆகும். ஜூனிலும், கூட்டத்தொடரின் கடைசி மூன்று வாரங்களிலும் தினமும் போடுகிறேன். பழைய முறையில் ஓர் ஆண்டில் பிடிபடாதவை இதில் முதல் இரண்டு மாதத்திலேயே பிடிபட்டன.

கடைசி வாரங்கள் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. வேறெதையோ பற்றி இருந்த மசோதாவின் உள்ளே இருப்பதை முழுக்க எடுத்துவிட்டு, சம்பந்தமில்லாத இன்னொன்றை வைப்பது இங்கே வழக்கம். இது தொழிலாளர்களுக்கு எதிராக மட்டும் நடப்பதில்லை. வேலைநிறுத்தத்தில் இருப்பவர்களுக்கு இரண்டு வாரத்துக்குப் பிறகு வேலையிழப்பு உதவித்தொகை என்ற எஸ்பி 799 கூட 2023-இல் இப்படிக் கடைசி நேரத்தில்தான் உருவெடுத்தது. இரண்டு அவைகளையும் தாண்டியது, செப்டம்பர் 30 அன்று ஆளுநர் வீட்டோ செய்து திருப்பி அனுப்பினார். உதவித்தொகை நிதி கிட்டத்தட்ட 2,000 கோடி டாலர் கடனை நோக்கிப் போகிறது என்பது அவர் சொன்ன காரணம். வீட்டோ கடிதங்கள் ஒரு பக்கம்தான் இருக்கும், ஆனால் தவறாமல் சேர்த்து வைக்கிறேன். அடுத்த ஆண்டு அதே மசோதா திரும்பி வந்தால், அந்த ஒரு பக்கத்துக்குப் பதில் சொல்லத்தான் வரும். ஆட்குறைப்பையும் தண்டனையையும் கணினி நிரல்களே தீர்மானிப்பதைக் கட்டுப்படுத்த வந்த எஸ்பி 7 2025 அக்டோபரில் வீட்டோ ஆனபோதும் இதைத்தான் செய்தேன்.

சஸ்பென்ஸ் ஃபைல் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு வரம்புக்கு மேல் செலவு வைக்கும் மசோதாக்களை நிதி ஒதுக்கீட்டுக் குழு ஒதுக்கி வைத்து, ஆண்டுக்கு இரண்டு முறை, வழக்கமாக மேயிலும் ஆகஸ்டிலும், மொத்தமாக முடிவு சொல்லும். நூற்றுக்கணக்கான மசோதாக்கள், விவாதம் கிடையாது. குழுத் தலைவர் எண்ணையும் முடிவையும் மூச்சுவிடாமல் வாசித்துக்கொண்டே போவார். ஆறு மாதம் நாங்கள் கடிதம் எழுதி, ஆள் திரட்டி நின்ற மசோதா மூன்று வினாடியில் நின்றுபோகும், ஏன் என்றும் தெரியாது. அந்த நாளில் லீவு போட்டு நேரலையைப் பார்ப்பேன். இணையத்தில் முடிவு ஏறும்வரை காத்திருக்க மனசு கேட்காது.

கையெழுத்தோடு வேலை முடியாது என்பதைச் சலவைப் பிரிவு எனக்குக் கற்றுக்கொடுத்தது. உள்ளரங்க வெப்பத்திலிருந்து தொழிலாளர்களைப் பாதுகாக்க விதி வகுக்கச் சொல்லி எஸ்பி 1167 நிறைவேறியது 2016-இல். 2019 ஜனவரிக்குள் வரைவு தயாராக வேண்டும் என்று அந்தச் சட்டமே சொன்னது. விதி நடைமுறைக்கு வந்தது 2024 ஜூலை 23. உள்ளே 82 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் குளிர்ந்த குடிநீர், ஆற்றிக்கொள்ள இடம், ஓய்வு தர வேண்டும். சட்டத்துக்கும் விதிக்கும் நடுவில் கிட்டத்தட்ட எட்டு ஆண்டுகள் போயின. இந்த எட்டு ஆண்டும் நடந்தவை எந்த மசோதாத் தளத்திலும் தெரியாது. வரைவு விதிகளின் அறிவிப்புகள் வெள்ளிக்கிழமைதோறும் வரும் மாநில ஒழுங்குமுறை அறிவிப்பு இதழில்தான் வரும், கருத்துச் சொல்ல 45 நாள் தருவார்கள். அந்த இதழை எங்கள் சங்கத்தில் நான் கேட்டவரை யாரும் படித்ததில்லை. இப்போது படிக்கிறோம்.

நேரில் போவது பற்றிச் சிலர் கேட்பார்கள். குழு விசாரணையில் வழக்கமாகப் பக்கத்துக்கு இரண்டு சாட்சிகள், ஆளுக்கு இரண்டு நிமிடம். மற்றவர்கள் வரிசையில் நின்று பெயர், சங்கம், ஆதரவா எதிர்ப்பா என்று மட்டும் சொல்லிவிட்டு நகர வேண்டும். அவ்வளவுதானா என்று முதல்முறை எனக்கும் இருந்தது. ஆனால் சீருடையோடு முப்பது பேர் ஒருவர் பின் ஒருவராக ஒலிவாங்கிக்கு வரும்போது, கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்த உறுப்பினர்கள் தலையைத் தூக்குவதைப் பார்த்திருக்கிறேன். விசாரணைத் தேதி பத்து நாள் முன்னால் தெரிந்தால்தான் முப்பது பேர் ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள முடியும். முந்தின நாள் தெரிந்தால் நான் மட்டும்தான் போவேன்.

எக்ஸெலில் இப்போது 'முடிந்தது' என்ற சொல்லே கிடையாது. முதல் பத்தியில் பிரிவு எண், அடுத்ததில் இப்போது அதைத் தொடும் மசோதாக்கள், மூன்றாவதில் அந்தப் பிரிவு மாறினால் நான் யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று ஆள் பெயர். 1182.14-க்கு நேராக, அன்று சம்பளச் சீட்டோடு வந்தவரின் பெயர் இருக்கிறது. இந்த ஜனவரியிலிருந்து சலவைப் பிரிவில் இருபது ஆண்டுகளாக இருக்கும் ஓர் அம்மாவும் திங்கட்கிழமைத் தேடலில் உட்காருகிறார். வெப்ப விதியின் எண் 3396. அதை அவர் யாருக்கும் தருவதாக இல்லை.