தனியாளாகத் தூண்டில் போட: மணற்கரையா, முகத்துவாரமா, தூண்டில் வளைவா?

மார்கழி பாதியில் மழை ஓய்ந்ததும், தை முடியும்வரை, சோழமண்டலக் கரையில் தூண்டிலோடு தனியே போகிறவருக்கு மூன்று இடங்கள் உண்டு: திறந்த மணற்கரை, ஆறு கடலில் சேரும் முகத்துவாரம், கடலரிப்பைத் தடுக்கக் கல்லடுக்கிய தூண்டில் வளைவு. எங்கே மீன் அதிகம் என்று மட்டும் கேட்டால் முகத்துவாரம்தான். மாட்டிய மீனை ஆள் துணையில்லாமல் கரையேற்றிவிட்டு நாமும் பத்திரமாகத் திரும்ப வேண்டுமே என்று பார்த்தால் வரிசை மாறிவிடும். தனியாகப் போகிறவருக்கு இந்த இரண்டாவது கணக்குதான் சரி.

முதலில் மணற்கரை. இந்தப் பருவத்தில் நீவாடு, அதாவது கரையோர நீரோட்டம், வடக்கிலிருந்து தெற்கே ஓடும். சாதாரண ஈயக்குண்டு போட்டால் சில நிமிடங்களில் தெற்கே உருண்டு கரையோரம் ஒதுங்கிவிடும். நான்கு கம்பி முளைத்த ஈயம், 110 முதல் 140 கிராம் வரை, மணலைப் பற்றி நிற்கும். நேரே வீசாமல் சற்று வடக்கே வீசி, ஈயம் தரை தொட்டதும் இரண்டு மூன்று மீட்டர் தூண்டில் நரம்பைக் கூடுதலாக விடுங்கள். நரம்பு வில்லாக வளையும். அந்த இழுப்பில் கம்பிகள் இன்னும் ஆழமாக ஊன்றும்.

இந்த எடையை வீச 12 அல்லது 13 அடி ராட் வேண்டும். ரீலில் 0.35 மி.மீ. தங்கூஸ் (நைலான் நரம்பு) போதும். ஆனால் அதன் முனையில் 0.60 மி.மீ. கனமான நரம்பை ராடின் நீளத்தைப்போல் இரண்டு மடங்கு கட்டி, மேலும் சில சுற்று ரீலில் இருக்கும்படி விட வேண்டும். வீசும் வேகத்தைத் தாங்குவது இந்த நரம்புதான். இதைக் கட்டாமல் முழு பலத்தோடு வீசினால் மெல்லிய தங்கூஸ் அறுந்து, ஈயம் குண்டுபோல் பறக்கும். கரையில் நடப்பவர் மேல் பட்டால் உயிருக்கே ஆபத்து.

எவ்வளவு தூரம் வீசுகிறோம் என்பதைவிட எங்கே வீசுகிறோம் என்பதே முக்கியம். அலை முதலில் உடையும் இடம் மணல்திட்டு. உடைந்த அலை அடங்கி, மீண்டும் கரையில் உடையும்வரை நடுவே ஒரு பள்ளம் ஓடும்; நீர் சற்றுக் கறுத்துத் தெரியும். காலாவும் கெளுத்தியும் மேய்வது அந்தப் பள்ளத்தில்தான். கிழங்கான் இன்னும் கிட்டே, 20, 30 மீட்டரிலேயே இருக்கும். 100 மீட்டர் வீசிப் பழகியவர்கள் மீனைத் தாண்டி வீசிவிட்டு வெறுங்கையோடு திரும்புவது இதனால்தான். கிழங்கானுக்கு 8ஆம் எண் நீளத்தண்டுத் தூண்டில் முள்ளும் விரல்நுனி அளவு இறால் துண்டும் போதும். காலாவுக்கு 3/0 முள், தோலுரித்த முழு இறால் அல்லது மத்தித் துண்டு. அதைத் தையற்கடை எலாஸ்டிக் நூலால் பத்துச் சுற்றுச் சுற்றாவிட்டால் வீசும்போதே இரை பிய்ந்து போகும்.

மழைக்குப் பிந்தைய கலங்கல் நீர் மணற்கரைக்குச் சாதகம். காலாவின் மார்புத்துடுப்புக்குக் கீழே மீசைபோல் தொங்கும் இழைகள் தரையைத் தடவி இரை தேடும். கண் தெரியாத நீரிலும் அது உண்ணும்.

முகத்துவாரத்தில் கதை வேறு. பாலாறு, வெள்ளாறு, கொள்ளிடம் போன்றவை கடல் சேருமிடங்களில் வற்றம் (கடல் நீர் இறங்குவது) தொடங்கியதும் உள்ளிருந்து இறாலும் மடவைக் குஞ்சும் அடித்து வரும். அவற்றுக்காகக் கொடுவா விளிம்பில் காத்திருக்கும். வற்றத்தின் கடைசி இரண்டு மணி நேரமும் ஏற்றத்தின் முதல் ஒரு மணி நேரமும் பொன்னான வேளை. கலங்கல் நீரும் தெளிந்த நீரும் கோடு கிழித்தாற்போல் சந்திக்கும் ஓரத்தில் போலி இரையை ஓட்ட வேண்டும். கருவியும் இலகு: 8 அல்லது 9 அடி ராட், 4000 அளவு ரீல், 30 பவுண்டு பின்னல் நரம்பு, நுனியில் ஒன்றரை மீட்டர் 0.60 மி.மீ. நரம்பு. நுனி நரம்பை மெலிதாக்கக் கூடாது. கொடுவாவின் செவுள்மூடி கத்திபோல் கூர்மை. வாயோரமும் அரம்போல் தேய்க்கும். பின்னல் நரம்பு அதில் ஒருமுறை உரசினாலே போய்விடும்.

முகத்துவாரத்துக்கு உள்ளே ஆழமில்லாத உப்பங்கழி நீர் தை மாத இரவில் கடலைவிட வேகமாகக் குளிரும். அதனால் விடியலில் கொடுவா மந்தமாக இருக்கலாம். அந்த நேரத்தில் போலி இரையை வேகமாகச் சுருட்டாமல் இரண்டு சுற்று, ஒரு நிறுத்தம் என்று ஓட்டுவது நல்லது. வெயில் ஏறியபின் வேகத்தைக் கூட்டலாம். மணற்கரையில் இதற்கு நேர்மாறு: விடியலில் நிலத்திலிருந்து வீசும் காற்று முதுகுக்குப் பின்னால் இருக்கும், அலையும் தணிந்திருக்கும். முற்பகலில் கடற்காற்று எழும்பி முகத்தில் அடிக்கத் தொடங்கினால் வீசும் தூரமும் குறையும், நரம்பும் சிக்கும். எனவே ஒரே நாளில் இரண்டும் வேண்டுமென்றால் விடியலுக்கு மணற்கரை, பிறகு உப்பங்கழிப் பக்கம். வற்றம் எந்த நேரம் என்பதை மட்டும் முன்னதாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெருமழை பெய்து ஓரிரு நாள் ஆகும்வரை முகத்துவாரத்தை விட்டுவிடலாம். ஆகாயத்தாமரை மிதந்து வந்து ஒவ்வொரு வீச்சிலும் சிக்கும். சேற்று நீரில் போலி இரை கண்ணுக்கும் படாது.

தனியாளுக்கு முகத்துவாரத்தின் உண்மையான ஆபத்து கால்களுக்குக் கீழே இருக்கிறது. வற்றத்தின் ஓட்டம் மணல் விளிம்பை அடியில் அரித்துக்கொண்டே இருக்கும். மேலே திடமாகத் தெரியும் விளிம்பு ஆளோடு சேர்ந்து சரியும். சரிந்தால் ஓட்டம் கடலை நோக்கி இழுக்கும். விளிம்பிலிருந்து குறைந்தது நான்கு அடி தள்ளி நில்லுங்கள். மணலில் விரிசல் கோடு தெரிந்தால் உடனே பின்வாங்குங்கள். முழங்காலுக்கு மேல் நீரில் இறங்கவே வேண்டாம். இறங்கும் இடத்திலும் காலைத் தூக்கி வைக்காமல் தரையில் தேய்த்து நடந்தால் மணலில் புதைந்த திருக்கை விலகிப் போகும்.

மீனைக் கரையேற்றுவதில் மணற்கரையே தனியாளுக்கு நண்பன். அலை ஏறும்போது பின்னோக்கி நடந்து மீனை அலையோடு கொண்டு வாருங்கள். அலை வடியும்போது இழுக்காமல் நரம்பை விட்டுக்கொடுங்கள். பெரிய மீன் கடைசி ஐந்து மீட்டரில் தப்பிப் போவது வடியும் நீரோடு மல்லுக்கட்டுவதால்தான். முகத்துவாரத்தில் இந்த அலை கிடையாது. சரிவான கரையாகப் பார்த்து மீனை அங்கே நடத்திக்கொண்டு போக வேண்டும்.

தூண்டில் வளைவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. செப்பிலி, கலவா கல்லிடுக்கிலும் பாறை மீன் கல்லோரத்திலும் இருக்கும் என்பது உண்மை. ஆனால் பாசி படர்ந்த கல், இடுக்கில் சிக்கும் கால், கிழக்கிலிருந்து திடீரென ஏறும் அலை, எட்டடிக்குக் கீழே கிடக்கும் மீனை அள்ள நீளக்கம்பு வலை பிடிக்க இன்னொரு கை இல்லாமை: இவை எல்லாம் சேர்ந்தால் தனியாகப் போகும் இடமல்ல அது. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடலோர வளைவுகள் இந்தப் பருவத்தில் ஒப்பளவில் அமைதியானவை. அங்கும் துணையோடு போவதே நல்லது.

புதிதாகத் தனியே கிளம்புபவருக்கு மணற்கரை. இரண்டு பருவம் பழகி, ஏற்ற வற்றக் கணக்கு கைவந்தவருக்கு முகத்துவாரம். எங்கே போனாலும் முள்ளின் எதிர்க்கொக்கியை (நுனிக்குப் பின்னால் எதிர்ப்புறம் நீட்டும் கூரை) இடுக்கியால் நசுக்கிவிட்டுப் போங்கள். கையில் ஏறினால் தானே கழற்றிக்கொள்ளலாம். டீ பிளாஸ்க்கோடு வெந்நீர் பிளாஸ்க் ஒன்றும் பையில் இருக்கட்டும். கெளுத்தி முள்ளோ திருக்கை முள்ளோ குத்தினால், சுடாத அளவில் பொறுக்கக்கூடிய சூட்டு நீரில் குத்துபட்ட இடத்தை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம்வரை அமிழ்த்தி வைத்தால் வலி பெரிதும் குறையும். மரத்துப்போன இடத்துக்குச் சூடு தெரியாது என்பதால் குத்துபடாத கையால் தொட்டுப் பார்த்தபிறகே அமிழ்த்துங்கள். வலி தணிந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். முள்துண்டு உள்ளே தங்கியிருக்கலாம்.

கரைவலை இழுக்கும் இடத்தில் தூண்டில் ஊன்ற வேண்டாம். வலை வந்து கரையேறும்வரை தள்ளி நில்லுங்கள். தையிலிருந்து பங்குனிவரை இரவில் பங்குனி ஆமை என்னும் கடலாமைகள் முட்டையிட மணலேறும். விடியலுக்கு முன்பே போகிறவர் தலைவிளக்கில் சிவப்பு ஒளியை மட்டும் எரியவிட்டு, நீர்விளிம்பை ஒட்டி நடந்தால் போதும். அறுந்த தங்கூஸை ஒரு முழம்கூட மணலில் விடாமல் சுருட்டிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.