தொட்டி இருக்கிறது, தண்ணீர் ஏறவில்லை: ஊராட்சிக் குடிநீர் சேவை எப்படி இருக்கிறது?

தமிழ்நாட்டில் முதல்முறை எம்.எல்.ஏ. ஆனவர் நன்றி சொல்ல ஊருக்குள் நுழைந்தால் வண்டியை மறிப்பது காலிக்குடங்கள்தான். அங்கேயே நின்று பி.டி.ஓ.வுக்கு (வட்டார வளர்ச்சி அலுவலர்) போன் போடுவார். "எஸ்டிமேட் போயிருக்கு சார்" என்று பதில் வரும். மூன்று மாதம் கழித்தும் அதே தெருவில் அதே குடங்கள் நிற்கும். அவருக்கு வரும் ஆத்திரம் நியாயமானது. ஆனால் அந்த வேகத்தில் அவர் கேட்பது பெரும்பாலும் இன்னொரு புதுத் தொட்டி. கோளாறு அங்கே இல்லை.

வீட்டுக்குக் குழாய் கொடுத்த வேலையைக் குறை சொல்ல முடியாது. 2019 ஆகஸ்ட் 15-ல் அறிவித்த ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமங்களின் பெரும்பாலான வீட்டு வாசல்களில் குழாய் வந்துவிட்டது. அதில் எவ்வளவு வருகிறது என்பதுதான் கேள்வி. திட்டம் சொல்லும் அளவு, ஒருவருக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 275 லிட்டர், அதாவது 15 லிட்டர் குடத்தில் 18 குடம். ஒரு குடம் நிறைய மூன்று நிமிடம் ஆனால் குழாய் 54 நிமிடம் ஓட வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் அரைமணி நேரம் திறந்தால் பத்துக் குடம்தான், அதுவும் இரண்டு நாளுக்கு. மேட்டுத் தெருவிலும் தெருக்கோடியிலும் அந்தப் பத்தும் கிடைக்காது. முன் வீடுகளில் குழாயிலேயே மோட்டார் வைத்து உறிஞ்சுவதும், வால்வைப் பகுதி பகுதியாகத் திறக்காமல் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திறந்துவிடுவதும்தான் காரணம்.

இந்தச் சேவை அதிகமாக நின்றுபோவது மோட்டார் ரூமில். கோடையில் மின்னழுத்தம் குறையும், அல்லது மூன்று பேஸ் மின்சாரத்தில் ஒன்று போய்விடும். அப்போது மோட்டாரைக் காக்க வேண்டிய ரிலே சரியாகவே நிறுத்திவிடும். ஊரார் நெருக்க, ரிலேயை விலக்கி நேரடியாக வயர் கொடுத்து ஓட்டுகிறார்கள். மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருளான காயில் கருகுகிறது. ஆழ்துளைக் கிணற்றில் நீர்மட்டம் இறங்கித் தண்ணீரில்லாமல் ஓடினாலும் அதே கதிதான். பிறகு பைப்பையெல்லாம் கழற்றி மோட்டாரை மேலே இழுத்து, காயில் கட்டக் கொடுத்து, மறுபடி இறக்க வேண்டும். கையில் மாற்று மோட்டார் இருந்தால் ஒரு நாளில் முடியும் வேலை. இல்லாத ஊரில் எஸ்டிமேட், ஒப்புதல், கையெழுத்து என்று வாரக்கணக்கில் இழுக்கும்.

குளோரின் விஷயம் இதைவிட மோசம், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாது. 1000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர். 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றி, குறைந்தது அரைமணி நேரம் கழித்துத்தான் வால்வைத் திறக்க வேண்டும். தெருக்கோடிக் குழாயில் 0.2 பி.பி.எம். (லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்) குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். நடப்பதோ, வாய் திறந்த மூட்டையில் ஈரம் ஏறிச் சக்தி இழந்த பவுடரைக் கையால் அள்ளி வீசுவது. மாதம் இருமுறை தொட்டி கழுவ வேண்டும் என்கிறார்கள். ஏணிப்படி துருப்பிடித்து ஒடிந்திருந்தால் யார் ஏறுவார்? ஏறச் சொல்வதும் தவறு. குழாய் சாக்கடையை ஒட்டிப் போகும் தெருக்களில் இந்த 120 கிராம்தான் வயிற்றுப்போக்கைத் தடுத்து நிறுத்துகிறது.

இவ்வளவையும் பார்ப்பது ஒரு டேங்க் ஆபரேட்டர். சொற்பச் சம்பளம், பல ஊர்களில் அதுவும் மாதாமாதம் வராது. எம்.எல்.ஏ. முட்டிக்கொள்ளும் இடம் இதுவே. தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். அதில் புதுத் தொட்டி கட்டலாம், பைப் லைன் போடலாம். ஆபரேட்டர் சம்பளம், மின்கட்டணம், காயில் கட்டும் செலவு எதற்கும் தொட முடியாது. திறப்பு விழாவுக்குப் பணம் உண்டு, மறுநாள் மோட்டார் ஓட்டப் பணம் இல்லை. போதாக்குறைக்கு 28 மாவட்டங்களில் 2025 ஜனவரி 5-ஓடு ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, அவர்கள் இடத்தில் பி.டி.ஓ.வே தனி அலுவலராகப் பொறுப்புக்கு வந்தார். ஒரு ஒன்றியத்தில் சராசரியாக 30-க்கு மேல் ஊராட்சிகள். ஒரு மோட்டார் பில் இத்தனைக்கும் நடுவே கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டும்.

ஆகவே புதிதாக வந்த எம்.எல்.ஏ. ஒன்றிய அலுவலகத்தில் புதுத் தொட்டிக்கு மனு கொடுக்குமுன், மோட்டார் ஓடிய நேரம், குளோரின் அளவு, தொட்டி கழுவிய தேதி எழுதும் பதிவேடுகளைக் கேட்டு வாங்க வேண்டும். எல்லா நாளும் ஒரே கையெழுத்தில், ஒரே பேனாவில் இருந்தால் ஒரே உட்காரலில் எழுதியது என்று சந்தேகிக்கலாம். அடுத்து, ஒன்றியத்துக்கு எத்தனை மாற்று மோட்டார் இருப்பில் உள்ளது, ஆபரேட்டருக்குக் கடைசியாக எந்த மாதச் சம்பளம் போனது என்று கேட்க வேண்டும். பராமரிப்புக்குத் தனி ஒதுக்கீடு வேண்டும் என்பதைச் சட்டமன்றத்தில் துறைவாரியாக நிதி ஒதுக்கும் மானியக் கோரிக்கை விவாதத்தில்தான் எழுப்ப முடியும், பி.டி.ஓ.வைத் திட்டிப் பயனில்லை, அவர் கையில் அந்தப் பணம் இல்லை.

ஊர்க்காரர்கள் முதல்வர் உதவி மைய எண் 1100-க்குப் புகார் சொல்லும்போது "தண்ணி வரல" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தத் தெருக்கோடி, எத்தனை நாளாக, திறந்து எத்தனை நிமிடம் ஓடியது, ஒரு குடம் நிறைய எவ்வளவு நேரம் என்று சொல்லிப் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.