மதுரை விடுமுறையில் முகத்துக்கு லேசர்: மூன்று வாரத்தில் எது அடங்கும்?

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வந்த கையோடு முகத்தையும் சரிசெய்துகொண்டு போகலாம் என்று நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது திரும்பும் டிக்கெட்டின் தேதி. கே.கே. நகர், அண்ணா நகர், பைபாஸ் ரோடு பக்கமெல்லாம் இப்போது ஸ்கின் கிளினிக் பலகைகள்தான். உள்ளே போனால் ஆறு சிட்டிங் பேக்கேஜ் என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். ஆழமான லேசரில் ஒரு சிட்டிங்குக்கும் அடுத்ததற்கும் 4 முதல் 6 வாரம் இடைவெளி வேண்டும். மூன்று வார விடுமுறையில் ஒன்றுதான் அடங்கும். மீதி ஐந்துக்குக் கட்டிய பணம் அடுத்த பயணம் வரை அங்கேயே கிடக்கும்.

பணத்தைவிடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. நம் நிறத்துத் தோலில் சூட்டுக் காயத்துக்குப் பின் வரும் கருமை மறுநாளே தெரியாது. பெரும்பாலும் 2 முதல் 4 வாரம் கழித்துத்தான் தலைகாட்டும். அதற்குள் டொராண்டோவுக்கோ லண்டனுக்கோ திரும்பியிருப்பீர்கள். கறுத்த முகம் அங்கே, லேசர் அடித்த டாக்டர் இங்கே.

நம்மவர்களுக்கு வயது முதலில் சுருக்கமாக வருவது குறைவு. கன்னத்தில் மங்கு, ஆங்காங்கே நிறம் மாறிய திட்டு, கண்ணோரத்திலும் கழுத்திலும் சின்னச் சின்னக் கறுப்பு மரு என்றுதான் தொடங்கும். மருவுக்குப் பேக்கேஜே வேண்டாம். மரத்துப்போகும் க்ரீம் தடவி, மின்சூட்டில் சுடும் ரேடியோ ஃப்ரீக்வென்ஸி முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டு எடுப்பார்கள். பொருக்கு ஒரு வாரம், பத்து நாளில் உதிர்ந்துவிடும். விடுமுறைக்குள் அடங்குகிற வேலை இதுதான். ஆழமாகச் சுட்டால் வெள்ளைத் தழும்பு நிற்கும் என்பதால், முதல் நாள் கழுத்தில் இரண்டு மூன்றை மட்டும் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மங்கு அப்படியல்ல. லேசரில் வெளுத்து, சில மாதத்தில் முன்னைவிட அடர்த்தியாகத் திரும்பி வருவது அதன் குணம். சன்ஸ்க்ரீனும் டாக்டர் எழுதிக்கொடுக்கும் க்ரீமும்தான் முதல் வைத்தியம். முகம் வெளுக்க என்று மருந்துக்கடையில் ஸ்டீராய்டு கலந்த க்ரீமை வாங்கி மாதக்கணக்கில் பூசியிருந்தால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அதில் மெலிந்துபோன தோலில் லேசர் பட்டால் சிவப்பும் எரிச்சலும் லேசில் அடங்காது.

கருவிகளில் அதிகம் எச்சரிக்கை தேவைப்படுவது ஐபிஎல் (இன்டென்ஸ் பல்ஸ்டு லைட்). ‘போட்டோஃபேஷியல்’ என்ற பெயரில் பார்லர்களிலும் செய்கிறார்கள். அது லேசரே அல்ல. சுமார் 500 முதல் 1200 நானோமீட்டர் வரையான அலைநீளங்கள் கலந்து அடிக்கும் பளீர் வெளிச்சம். வெள்ளைக்காரர் முகத்தில் புள்ளி மட்டும் கறுப்பாக இருக்கும், வெளிச்சம் அதைத் தேடிப் பிடிக்கும். நம் முகத்தில் புள்ளியைச் சுற்றிலும் தோலுக்குக் கறுப்பு நிறம் தரும் மெலனின்தான். சூடு எல்லா இடத்திலும் இறங்கும். குளிர்விக்கும் முனை சரியாகப் பதியாவிட்டாலோ ஜெல் குறைந்தாலோ, அந்த முனையின் வடிவிலேயே செவ்வகம் செவ்வகமாகத் தோல் சுட்டுவிடும். இதில் அனுபவமுள்ள டாக்டர் 640 நானோமீட்டருக்கு மேற்பட்ட ஃபில்டர் போட்டு, சக்தியைக் குறைத்து, துடிப்புகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டுவார். பார்லரில் அந்தப் பேச்சே எழாது. இன்னொன்று: ஆண்களுக்குத் தாடி திட்டுத்திட்டாகக் குறையலாம், பெண்களுக்குத் தாடையோரப் பூனைமுடி தடித்து வளரவும் கூடும்.

1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசரை மெலனின் குறைவாகவே உறிஞ்சுவதால் நமக்கு ஒப்பீட்டளவில் பாதுகாப்பு. மிகக் குறுகிய துடிப்பாக அடிக்கும் க்யூ-ஸ்விட்ச் வகையில், குறைந்த சக்தியில் நிறத்தைச் சீராக்கும் ‘டோனிங்’ செய்யும்போது 6 முதல் 8 மில்லிமீட்டர் ஸ்பாட் (தோலில் விழும் ஒளிவட்டம்), சதுர சென்டிமீட்டருக்கு 1.5 முதல் 3 ஜூல் என்ற அளவில்தான் ஓட்டுவார்கள். ரப்பர் பேண்டால் சுண்டியதுபோல் இருக்கும். முடிவில் லேசான சிவப்பு, கொஞ்சம் வெதுவெதுப்பு, அவ்வளவே. தோல் வெளிறினாலோ ஊசிமுனை ரத்தப் புள்ளி தெரிந்தாலோ டோனிங்குக்கு அந்தச் சக்தி அதிகம். ‘ஊருக்குப் போகுமுன் முடித்துவிடலாம்’ என்று வாரத்துக்கு இரண்டு தடவை அடிக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். நெருக்கி அடித்தால் வெள்ளைப் புள்ளிகள் விழும். அவை நிறம் திரும்ப வெகுகாலம் ஆகும், சில திரும்புவதே இல்லை. இதே கருவியில் கரிக்குழம்பு பூசிச் செய்யும் கார்பன் ஃபேஷியல், கல்யாண வீட்டுக்குப் பளபளப்புத் தரும். சுருக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சுருக்கம், தளர்வு, பழைய பருத்தழும்பு என்றால் ஃப்ராக்‌ஷனல் சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு) லேசர். அலைநீளம் 10,600 நானோமீட்டர். தோலிலுள்ள நீர் அதை உறிஞ்சி, நுண்ணிய தூண்கள்போல் ஆவியாகும். இடையிலுள்ள நல்ல தோல் ஆற்றிக்கொடுக்கும். நம் நிறத்துக்குத் தூண்களின் அடர்த்தி குறைவாக இருக்க வேண்டும், சூட்டின் ஆழத்தைவிட அடர்த்திதான் கருமைக்கு முக்கியக் காரணமாகிறது. மரத்துப்போகும் க்ரீமை 45 நிமிடம் முதல் 1 மணி நேரம் மூடி வைத்து, அடிக்கும் முன் சுத்தமாகத் துடைத்து உலர்த்துவார்கள். ஸ்பிரிட் ஈரம் இருந்தால் தீப்பற்றும் அபாயம் உண்டு. அடித்த பின் சில மணி நேரம் முகம் காந்தும். 5 முதல் 7 நாள் வெறும் பெட்ரோலியம் ஜெல்லி, மென்மையான கழுவல். பொருக்கைக் கிள்ளக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது. உதட்டில் அக்கி மாதிரிக் கொப்புளம் வந்து போகிறவர்கள் முன்கூட்டியே சொன்னால் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தொடங்கிவிடுவார்கள். பலன் நிதானமாக 3 முதல் 6 மாதத்தில்தான் தெரியும்.

சித்திரைத் திருவிழாவுக்கு வந்து, எதிர்சேவைக்கும் அழகர் ஆற்றில் இறங்குவதற்கும் போகிறவர்கள் அந்தப் பயணத்தில் லேசரை மறந்துவிடலாம். அந்த வெயிலில் எந்த சன்ஸ்க்ரீனும் தாங்காது. மார்கழி, தை மாதங்கள் தேவலை. வந்த முதல் வாரமே காதுக்குப் பின்னால் சோதனைப் புள்ளி வைத்துக்கொண்டு, இரண்டு வாரமாவது பொறுத்துப் பாருங்கள். நிறம் கலந்த, அயர்ன் ஆக்சைடு உள்ள சன்ஸ்க்ரீன் மங்குக்காரர்களுக்கு அவசியம். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மங்கைக் கூட்டும்.

கிளினிக்கில் மூன்றைக் கவனியுங்கள். தோல் மருத்துவப் படிப்பான எம்.டி. டிவிஎல் அல்லது டிடிவிஎல் படித்தவர், தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணுடன் இருக்கிறாரா. லேசர் அடிக்கும் கைப்பிடியை (ஹேண்ட்பீஸ்) பிடிப்பது அவரா, உதவியாளரா. அறையில் கண்ணைக் காக்கத் தரும் மூக்குக்கண்ணாடியில் அந்த லேசரின் அலைநீளம் அச்சிட்டிருக்கிறதா. டாக்சிசைக்ளின், ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிட்டால் சொல்லுங்கள். ரெட்டினால் க்ரீமை ஒரு வாரம் முன்பே நிறுத்துங்கள். விலை கேட்கும்போது ஜிஎஸ்டி சேர்ந்ததா என்றும் கேளுங்கள். அழகு சிகிச்சைக்கு மருத்துவ விலக்கு கிடையாது.

கிளம்பும்போது கருவியின் பெயர், அலைநீளம், ஸ்பாட் அளவு, ஜூல், எத்தனை சுற்று, தேதி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். அங்கே போனபின் கருமை எழுந்தால், அதைப் போக்க அதன்மேலேயே இன்னொரு லேசர் அடிக்க உடன்படாதீர்கள். சன்ஸ்க்ரீனும் டாக்டர் தரும் க்ரீமும் இருந்தால் பெரும்பாலும் சில மாதத்தில் குறைந்துவிடும்.