ஆக்சுவரி வேலைக்குத் தனி ரெக்ரூட்டர்: நான்கு வருஷ அனுபவம்

கோத்தகிரியில் உட்கார்ந்துகொண்டு ஆக்சுவரி வேலை, அதாவது இன்சூரன்ஸ் மாதிரி கம்பெனிகளுக்கு ரிஸ்க்கைக் கணக்குப் போட்டுச் சொல்லும் வேலை, தேடிய கதை இது. அப்போது ஆக்சுவரி பரீட்சைகளில் நான் பாஸாகியிருந்தது சி.எஸ்.1, சி.எம்.1, சி.பி.2 என்று மூன்று பேப்பர். பொதுவான வேலைத் தளங்களில் ரெஸ்யூமே போட்டால் இன்சூரன்ஸ் என்ற ஒரு சொல்லைப் பார்த்துவிட்டு பாலிசி விற்கத்தான் கூப்பிட்டார்கள். வெறுத்துப்போய்தான் ஆக்சுவரி வேலைகளை மட்டும் பார்க்கும் ஒரு ரெக்ரூட்டரிடம் போனேன்.

முதல் போனிலேயே, "சி.எஸ்.1 பி பேப்பர் ஆர்-ல எழுதினீங்களே, நிஜமா கோட் எழுத வருமா, இல்ல பரீட்சைக்கு மட்டுமா? பிரைசிங்கா, ரிசர்விங்கா?" என்றார். ஆர் என்பது ஒரு புரோகிராமிங் மொழி. பிரைசிங் என்றால் பிரீமியம் எவ்வளவு என்று கணக்கிடுவது, ரிசர்விங் என்றால் க்ளெய்முக்காக எவ்வளவு ஒதுக்கி வைக்க வேண்டும் என்று கணக்கிடுவது. சரி, விஷயம் தெரிந்தவர்.

"எவ்வளவு கட்டினே?" இது அம்மா. ஒரு பைசா கட்டவில்லை. நம் வருடச் சம்பளத்தில் இத்தனை சதவீதம் என்று கம்பெனிதான் அவருக்குக் கொடுக்கும், சேர்ந்த சில மாதத்துக்குள் நாம் விலகிவிட்டால் பெரும்பாலும் அவர் வேறு ஆள் பிடித்துத் தர வேண்டும் அல்லது பணத்தைத் திருப்ப வேண்டும். ஆக அவர் கம்பெனியின் ஆள், நம் ஆள் இல்லை. இதை நான் லேட்டாகத்தான் புரிந்துகொண்டேன். நம்மிடம் பணம் கேட்கிறவராக இருந்தால் போனை வைத்துவிடுங்கள்.

நான் பட்ட அடி வேறு. இன்னொரு கன்சல்டன்சி என்னைக் கேட்காமலே ரெஸ்யூமேயை ஒரு மும்பை கம்பெனிக்கு அனுப்பிவிட்டது. என் ரெக்ரூட்டரும் அங்கேதான் அனுப்பியிருந்தார். கமிஷன் யாருக்கு என்ற தகராறே வேண்டாம் என்று ஹெச்.ஆர். இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டார், போனது எனக்கு வரவேண்டிய வேலை. அன்றிலிருந்து கம்பெனி பெயரைச் சொல்லி, நான் மெயிலில் சரி என்று எழுதின பிறகுதான் அனுப்ப வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன். யார் எங்கே அனுப்பினார்கள் என்று ஒரு நோட்டும் வைத்திருக்கிறேன்.

சி.எஸ்.2-வில் ஃபெயிலானதும் ஐந்து மாதம் அவரிடமிருந்து சத்தமே இல்லை. அடுத்த தடவை பாஸானேன், ரிசல்ட் வந்த மறுநாளே போன்! கோபம்தான், ஆனால் அந்தப் போனில்தான் பெங்களூரு வேலை வந்தது. ஜூலை மழை, கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது, அதனால் பஸ் பிடித்து மேட்டுப்பாளையம் இறங்கி ஒரு லாட்ஜ் அறையில் உட்கார்ந்து வீடியோ இன்டர்வியூ கொடுத்தேன். ஸ்டடி லீவையும் பரீட்சைக் கட்டணத்தையும் ஆஃபர் லெட்டரிலேயே எழுதி வாங்கிக் கொடுத்தது அவர்தான், எனக்குக் கேட்கவே தோன்றியிருக்காது. அப்போது நான் இருந்த கம்பெனியின் 90 நாள் நோட்டீஸையும் பேசவேண்டிய விதத்தில் பேசினார். கோத்தகிரியிலிருந்தே வேலை என்பது மட்டும் நடக்கவில்லை, வாரம் மூன்று நாள் ஆபீஸ்.

போன வாரம் கூப்பிட்டு குருகிராமில் ஒன்று இருக்கிறது என்றார். சி.பி.1 ரிசல்ட் வரட்டும், சொல்கிறேன் மேடம் என்றேன்.

"நீங்க சொல்லவே வேண்டாம்" என்றார்.